விளையாட்டு வீரர்களின் படம் போட்டு, பெட்டி பெட்டியாக அச்சடித்த அட்டைகளை முதலீடாக வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். பிடித்த வீரரின் அட்டை கையில் இருக்கட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள்; பணம் பெருகும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

அட்டைக்கு விலை கூடுவது தட்டுப்பாட்டால்தான். 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அன்றைய பிள்ளைகள் அட்டைகளை விளையாடித் தேய்த்தார்கள், பெரியவர்கள் குப்பையில் போட்டார்கள். மூலை மழுங்காமல், நிறம் மங்காமல் தப்பியவை சொற்பம்.

பழைய அட்டைகளின் விலை ஏறுவதைப் பார்த்து, 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆளாளுக்குப் பெட்டிகளைப் பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள். நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவுமே அரிதாகவில்லை. அப்பர் டெக் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட வரிசையின் முதல் அட்டை கென் கிரிஃபி ஜூனியருடையது. அவர் பேஸ்பாலின் தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனவர். ஆனாலும் அட்டைகளின் நிலையைப் பார்த்துத் தர மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் முழு 10 கொடுத்த அந்த அட்டைகளே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவருக்கே இப்படி என்றால், அதே பெட்டியில் கிடக்கும் சாதாரண வீரர்களின் அட்டைகளை யார் கேட்பார்கள்?

தரம் பார்க்கக் கட்டணம், விற்கும்போது தளத்தின் கமிஷன் என்று செலவு வேறு. வட்டியோ டிவிடெண்டோ கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லையென்றால், எந்தத் தரத்தில் எத்தனை அட்டைகள் உள்ளன என்று பி.எஸ்.ஏ. வெளியிடும் பட்டியலை முதலில் பாருங்கள். மொத்தமே பத்து, இருபத்தைந்து பிரதிகள்தான் என்று வரிசை எண் போட்டு அச்சான அட்டைகளை மட்டும் யோசியுங்கள்.