ராபின் குக் ராஜினாமா பண்ணது கடுப்புலயா?

அண்ணா, வணக்கம். ராபின் குக்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 2003ல ஈராக் போரை எதிர்த்து பிரிட்டன் மந்திரி பதவிய ராஜினாமா பண்ணிட்டுப் பேசின வீடியோவ யூட்யூப்ல பாத்தேன், புல்லரிச்சுப் போச்சு. ஆனா என் ஃப்ரெண்டு, "வெளியுறவுத் துறைய அவர்கிட்டருந்து பிடுங்கிட்டாங்க, அந்தக் கடுப்புல பேசிருக்காரு, பேசி மட்டும் போர் நின்னுச்சா, இந்தோனேசியாவுக்கு போர் விமானம் அனுப்பினவரும் இவர்தான்"ங்கிறான். எது சரி?
– ஒரு வாசகர், மதுரை

தம்பி,

விமானத்துல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா அதுல உங்க ஃப்ரெண்டு சொல்றது பெரும்பாலும் சரிதான். 1997 மே மாசம் வெளியுறவு அமைச்சரா வந்த கையோட, எங்க வெளியுறவுக் கொள்கைல அறம்னு ஒண்ணு இருக்கும்னு அறிவிச்சாரு. ரெண்டே மாசத்துல பழைய அரசு லைசென்ஸ் குடுத்த ஹாக் விமானங்கள் இந்தோனேசியாவுக்குப் போறத தடுக்க முடியாதுன்னு கைவிரிச்சாச்சு, கிழக்கு திமோர்ல அவங்க ராணுவம் என்ன பண்ணிட்டிருந்ததுன்னு ஊருக்கே தெரிஞ்ச நேரம் அது. அதே வருஷம் அக்டோபர்ல ராணி சென்னைக்கு கமல் படத் தொடக்க விழாவுக்கு வந்தாங்கல்ல, அந்த டூர்லதான் இவரும் காஷ்மீர் பத்தி வாயக் குடுத்து டெல்லிய கொதிக்க விட்டாரு. நல்லதும் பண்ணாரு, லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பு கேஸ நெதர்லாந்து மண்ணுல ஸ்காட்லாந்து சட்டப்படி நடத்த வழி பண்ணது அவர் காலத்துலதான். ஆனா என்னக் கேட்டா, அந்த நாலு வருஷம் அவருக்கு சரியான இடமே இல்ல.

அவரோட உண்மையான திறமை அரசாங்க ஆவணங்கள படிச்சு அலசுறது. 1996ல ஸ்காட் அறிக்கைன்னு ஒண்ணு வந்துச்சு. சதாம் ஈராக்குக்கு ஆயுதம் செய்ற மெஷின்லாம் போக கன்சர்வேடிவ் அரசு கமுக்கமா விதிய தளர்த்திட்டு பார்லிமெண்ட்ல அத மறைச்ச கதை. அஞ்சு வால்யூம், 1800 பக்கத்துக்கு மேல. அரசு ஒரு வாரத்துக்கு முன்னாடியே அத வாங்கி பதில்லாம் ரெடி பண்ணி வச்சிக்கிச்சு, எதிர்க்கட்சி சார்பா பேச வேண்டிய குக்குக்கு குடுத்தது ரெண்டு மணி நேரம், அதுவும் ஒரு ரூம்ல உக்கார வச்சு. மனுஷன் அதுக்குள்ள எங்க எது இருக்கும்னு மோப்பம் புடிச்சு எடுத்துட்டு வந்து கிழிச்சாரு. பிப்ரவரி 26 விவாதத்துல அரசு தப்பிச்சது 320க்கு 319, ஒரே ஓட்டு. (க்ளாஸ்கோ ஹெரால்டு பத்திரிகைல குதிரை ரேஸுக்கு டிப்ஸ் எழுதின ஆளு வேற, எந்தத் தாள்ல எதப் பாக்கணும்னு தெரியாமலா இருக்கும்.)

இப்போ 2003 பேச்ச திரும்பப் போட்டுப் பாருங்க. அதுவும் அதே வேலைதான். உணர்ச்சி கொஞ்சம், கணக்கு ஜாஸ்தி. ஈராக் ராணுவம் போன வளைகுடாப் போர்ல இருந்ததுல பாதி கூட இல்ல, அது பலவீனமா இருக்கிறதாலதான் படையெடுக்கவே யோசிக்கிறோம், அப்புறம் எப்படி அதையே நமக்கு ஆபத்துன்னு சொல்லுவீங்கன்னு கேக்குறாரு. இருபது வருஷமா இருக்கிற ஆயுத பலம், நாமளே உதவி பண்ணி உருவாக்கினது, இப்ப என்ன திடீர் அவசரம்னு கேட்டாரு பாருங்க, அந்த இடத்துல ஸ்காட் அறிக்கை படிச்ச ஆளு பேசுறது தெரியும். கைதட்டுறதே வழக்கமில்லாத சபைல எழுந்து நின்னு தட்டினாங்க.

கடுப்புங்கிறீங்க. 2001 ஜூன்ல பிரதமர் டோனி பிளேர் அவர வெளியுறவுத் துறைலருந்து இறக்கினது நிஜம், ராஜினாமா பண்றதா இருந்தா அன்னைக்கே பண்ணிருக்கலாமே? காமன்ஸ் சபைத் தலைவர்னு (சபாநாயகர் இல்ல, பார்லிமெண்ட் கீழ்ச்சபை வேலைகள அரசு சார்பா பாத்துக்கிற மந்திரி) குடுத்த பதவிய வாங்கிட்டு, சபை நடக்குற நேரத்த மாத்துறது மாதிரி யாரும் தலைப்புச் செய்தி போடாத வேலையா பண்ணிட்டிருந்தாரு. அங்க உக்காந்ததாலதான் படை போறதுக்கு முன்ன சபை ஓட்டுப் போடணும்னு அமைச்சரவைக்குள்ள விடாம அழுத்த முடிஞ்சுது. அந்த ஊர்ல போர் அறிவிக்கிறது மன்னர் பேருல பிரதமர் கைல இருக்குற அதிகாரம், சபைய கேக்கணும்னு சட்டமே கிடையாது.

மார்ச் 17 ராத்திரி அவர் பேசினாரு, 18ந்தேதி ஓட்டு. 412க்கு 149, போர் ஜெயிச்சுது. அவரோட ஆளுங்கட்சியான லேபர் எம்பிக்கள்ல மட்டும் 139 பேர், தனியா ஓட்டுக்கு விட்ட போருக்கு எதிரான திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டாங்க. சரி, நிக்கல. ஆனா ஒரு தடவ கேட்டுட்டா அடுத்த தடவ கேக்காம போறது கஷ்டம். 2013ல சிரியா மேல தாக்குதல்னு அன்னைய பிரதமர் கேமரூன் சபைக்கு வந்தப்போ 285க்கு 272னு தோத்து திரும்பினாரு. குக் அதப் பாக்கல, 2005 ஆகஸ்ட்ல பென் ஸ்டாக் மலைல நடக்குறப்போ மாரடைப்புல போயிட்டாரு, 59 வயசு. எடின்பரோல அவர் கல்லறைலயும் இதத்தான் பொறிச்சிருக்காங்க, போர நிறுத்த முடியாம போயிருக்கலாம், ஆனா போர் பத்தி முடிவு பண்ற உரிமைய பார்லிமெண்டுக்கு வாங்கிக் குடுத்தேன்னு.

அந்த வரிய நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன். 2018ல பிரதமரா இருந்த தெரசா மே ஓட்டெடுப்பே இல்லாம சிரியா மேல ஏவுகணை விட்டாங்க, அப்புறமா சபைக்கு வந்து விளக்கம் சொன்னாங்க. சட்டமா எழுதாதவரைக்கும் அது வழக்கம்தான், உரிமை இல்ல. உங்க ஃப்ரெண்டு குக்க திட்டணும்னா ஹாக் விமானத்துக்காக தாராளமா திட்டட்டும், நானும் சேந்துக்கிறேன். அந்த ராஜினாமாவ மட்டும் கடுப்பு கணக்குல எழுத வேணாம்னு சொல்லுங்க.