ஓவனில் ஆசியப் பாணிப் பன்றி விலா: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கும் நால்வர் கொண்ட குடும்பம். வரும் விடுமுறையில் வீட்டு ஓவனிலேயே சார் சியூ பாணியில், அதாவது இனிப்பும் உப்பும் சேர்ந்த சிவந்த மசாலா பூசி வாட்டும் சீன முறையில், பன்றி விலா செய்ய விரும்புகிறோம். பேரங்காடியில் பேபி பேக், ஸ்பேர் ரிப்ஸ் என்று பல பெயர்களில், வெவ்வேறு விலைகளில் வைத்திருக்கிறார்கள். எதை, எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: விலா பன்றியின் உடலில் எந்த இடத்திலிருந்து வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் விலையும் வேகும் நேரமும் அமைகின்றன. முதுகுச் சதையை ஒட்டியிருக்கும் குட்டையான, நன்கு வளைந்த எலும்புகளே பேபி பேக். இதில் கொழுப்பு குறைவு, விரைவில் வெந்துவிடும், விலை பெரும்பாலும் அதிகம். அதற்குக் கீழே வயிற்றுப் பக்கமாக இறங்கும் நீண்ட, தட்டையான எலும்புகள் ஸ்பேர் ரிப்ஸ் எனப்படுகின்றன. இவற்றில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதலாக இருப்பதால் நேரம் பிடிக்கும் என்றாலும், இனிப்பும் உப்பும் சேர்ந்த சீனப் பாணி மசாலாவுக்கு இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. குறைந்த விலையில் நல்ல சுவை கிடைக்கும்போது பேபி பேக்குக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

எடையில் எலும்பும் அடங்கியிருப்பதால், எலும்போடு ஆளுக்கு 450 முதல் 500 கிராம் வரை கணக்கிட்டு, நால்வருக்கு ஏறக்குறைய 2 கிலோ வாங்குங்கள். வாங்குமுன் இறைச்சியின் மேற்பரப்பைக் கவனியுங்கள். ஆங்காங்கே எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தால், சதையை அளவுக்கு மீறிச் சீவியிருக்கிறார்கள் என்று பொருள்; அந்தத் துண்டை வாங்காதீர்கள். உறைந்த பொட்டலத்தின் உள்ளே பனித்துகள்கள் திரண்டும், சிவந்த நீர் ஒரு மூலையில் உறைந்தும் இருந்தால், இடையில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்க வாய்ப்புண்டு. பொட்டலத்தில் சேர்மானப் பட்டியல் இருந்தால் அதையும் படியுங்கள். தண்ணீர், உப்பு, பாஸ்பேட் என்று அச்சிட்டிருந்தால் உப்புநீர் செலுத்தப்பட்ட இறைச்சி அது. தண்ணீருக்கும் இறைச்சி விலை கொடுப்பதோடு, நீங்கள் சேர்க்கும் சோயா சாஸும் சேர்ந்து கரித்துவிடும்.

ஈரச்சந்தையில் வாங்குவதானால், கடைக்காரர் கத்தியை ஓங்குமுன்பே முழுப் பலகையாக, அதாவது எலும்புகளைப் பிரிக்காத ஒரே துண்டாக, வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சிறு துண்டுகளாக்கினால் ஓவனில் காய்ந்து போகும். கீழ் விளிம்பிலுள்ள குருத்தெலும்புப் பகுதியை மட்டும் வெட்டித் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் சேர்த்தே பணம் கொடுத்திருக்கிறீர்கள். மறுநாள் பாக் குட் தே சூப்பில் போட்டால் வீணாகாது.

கேள்வி: விலாவுக்கென்றே தயாரித்த சாஸ் போத்தல்கள் கிடைக்கின்றன. ஒரு போத்தல் வாங்கிப் பூசினால் போதாதா? தனித்தனியாக வாங்கினால் செலவு கூடுமல்லவா?

பதில்: போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. சார் சியூ சாஸ்கள் பலவற்றில் முதலிடம் சர்க்கரைக்கு. தண்ணீர், உப்பு, புளிக்கவைத்த சோயா அவரை ஆகியவை பிறகு வரும். சிவப்புக்குச் செயற்கை நிறமி சேர்த்திருப்பார்கள். இந்தச் சிவப்பு மரபாகச் சிவப்பு ஈஸ்ட் அரிசியிலிருந்து கிடைத்தது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்குச் சாஸ் விலை கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரே ஒருமுறை செய்து பார்க்க நினைப்பவருக்குப் போத்தல் சிக்கனம்தான். மீண்டும் மீண்டும் சமைப்பவர் அடிப்படைப் பொருள்களை வாங்குவதே நல்லது, ஏனெனில் சோயா சாஸும் ஆய்ஸ்டர் சாஸும் வறுத்த சோற்றுக்கும் கீரைக்கும் தினமும் பயன்படும்.

2 கிலோ விலாவுக்கு மெல்லிய சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, நிறத்துக்காகக் கருஞ்சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, ஹொய்சின் சாஸ் 3, ஆய்ஸ்டர் சாஸ் 2, பழுப்புச் சர்க்கரை 3, சீன அரிசி மது 2 மேசைக்கரண்டி, ஐந்து மசாலாத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, தட்டிய பூண்டு, துருவிய இஞ்சி ஆகியவை போதும். உப்பு அறவே வேண்டாம். சாதாரணச் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மசாலாவில் ஒரு பகுதி தட்டிலேயே தங்கிவிடும் என்றாலும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் உப்பு குறைக்கப்பட்ட சோயா சாஸை வாங்குங்கள்.

சோயா சாஸில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். இயற்கையாக நொதிக்கவைக்கப்பட்டது உருவாக மாதக்கணக்கில் ஆகிறது. அமிலத்தால் தாவரப் புரதத்தைச் சிதைத்துச் செய்வது சில நாள்களில் முடிந்துவிடுகிறது. 2001-இல் பிரிட்டனின் உணவுத் தரநிலை முகமை சோதித்த சில சோயா சாஸ்களில் 3-எம்சிபிடி என்னும் கேடான வேதிப்பொருள் மிகுந்திருந்தது தெரியவந்தது. அமில முறைத் தயாரிப்பில்தான் அது உருவாகிறது. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது. இவ்வகைக் கட்டுப்பாடுகள் வந்த பின்னரும், மணத்திலும் ருசியிலும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது. சேர்மானத்தில் சோயா அவரை, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து மசாலாத் தூளைப் பொடித்த நிலையில் வாங்கவே வேண்டாம். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு ஆகிய நான்கும் தேக்காவின் (லிட்டில் இந்தியா வட்டாரம்) எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், நம் வீடுகளிலும் இருக்கும். சிச்சுவான் மிளகை மட்டும் வாங்கிச் சேர்த்து, இலேசாக வறுத்துப் பொடித்தால் கடைப்பொடியில் காண முடியாத மணம் எழும். கிராம்பை மட்டும் அடக்கிப் போடுங்கள். இறுதியில் சில சொட்டுச் சேர்க்கும் சீன எள் எண்ணெய், வறுத்த எள்ளில் எடுத்தது; அதற்கு மாற்றாக நல்லெண்ணெய் உதவாது.

கேள்வி: 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். மேலே கருகிவிட்டது; உள்ளே ரப்பர்போல் இருந்தது. இறைச்சி தரமற்றதா?

பதில்: இறைச்சியைக் குறை சொல்ல முடியாது, வெப்பம்தான் காரணம். முழுத் துண்டுப் பன்றியிறைச்சியின் உட்புறம் 63 டிகிரி செல்சியஸை எட்டி, 3 நிமிடம் ஆறினால் உண்பதற்குப் பாதுகாப்பானது என்று அமெரிக்க வேளாண் துறை 2011 முதல் பரிந்துரைக்கிறது. ஆனால் விலாவைப் பொறுத்தவரை பாதுகாப்பாக வெந்ததும் மென்மையாக வெந்ததும் ஒன்றல்ல. எலும்பைச் சுற்றியுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் சதை இளகும். அதற்கு உட்புறம் 90 டிகிரியை ஒட்டிய வெப்பத்தை மெல்ல அடைய வேண்டும். இதற்கிடையில் மேலே பூசிய தேனும் சர்க்கரையும் கருகிவிடும். ஆகவே இரண்டு கட்டங்களாகச் செய்யுங்கள்.

எலும்புப் பக்கத்தில் பளபளப்பாக ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வைக் கரண்டிக் காம்பால் ஓரத்தில் நெம்பி, சமையலறைத் தாளால் பிடித்து இழுங்கள். ஒரே இழுப்பில் உரிந்துவரும். மசாலாவைத் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்த பிறகு, பேக்கிங் தாளால் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளை இறுக்கமாக மூடுங்கள். உப்பும் புளிப்பும் உள்ள மசாலா அலுமினியத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பது நல்லதல்ல. ஓவனை 150 டிகிரியில், விசிறி உள்ளதானால் 130 டிகிரியில் வைத்து, ஸ்பேர் ரிப்ஸை இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் வரையிலும், பேபி பேக்கை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வரையிலும் வேகவிடுங்கள். எலும்பு நுனியிலிருந்து சதை சற்றுப் பின்வாங்கி, பல்குத்தும் குச்சி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது.

பிறகு தாளைப் பிரித்து, உள்ளே சேர்ந்த சாற்றின் கொழுப்பை அகற்றி, இரண்டு மேசைக்கரண்டி தேனோடு பாகுபோல் வற்றவிடுங்கள். ஓவனை 220 டிகிரிக்கு உயர்த்தி, விலாவைக் கம்பித் தட்டில் வைத்து, சொட்டும் கொழுப்பு புகையாமலிருக்க அடித்தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, 10 முதல் 15 நிமிடங்களில் இரண்டு மூன்று முறை பாகைப் பூசுங்கள். இந்த நிமிடங்களில் ஓவனை விட்டு நகரக் கூடாது.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய ஓவன், 150 என்று திருப்பினால் உள்ளே 185 காட்டுகிறது. கடைக்காரர் தயாரிப்பாளரிடம் போகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அளவீட்டை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெப்பமானியை நடுக்கம்பியில் வைத்து, அரை மணி நேரம் சூடேற்றிய பின், சில நிமிட இடைவெளியில் பலமுறை குறித்துச் சராசரி காணுங்கள். எந்த ஓவனும் ஏறி இறங்கித்தான் வெப்பத்தைக் காக்கிறது. அப்போதும் 35 டிகிரி வேறுபாடு நீடித்தால், படங்களுடனும் இரசீதுடனும் கடைக்காரருக்கே எழுதுங்கள். சிங்கப்பூரில் 1 செப்டம்பர் 2012 முதல் நடப்பிலுள்ள, குறைபாடுள்ள பொருள்களை வாங்கியவருக்குப் பாதுகாப்பளிக்கும் ‘லெமன் சட்டத்தின்’படி, விற்ற பொருளுக்கு விற்பனையாளரே பொறுப்பு. பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் தெரியும் குறைபாடு, மாறாக அவர் நிரூபிக்காதவரை, அப்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ அடுத்த படி. அதற்கும் இணங்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தையும், பின்னர் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தையும் அணுகலாம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 20 லிட்டர் மேசை ஓவன். இதற்காகப் பெரியது வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பலகையை எலும்புகளுக்கிடையே இரண்டாக வெட்டி, தாளில் சுற்றி, இரண்டு முறையாக வேகவையுங்கள். சிறிய ஓவனில் மேல் கம்பிச்சுருள் இறைச்சிக்கு மிக அருகில் இருப்பதால், பாகு பூசும் கட்டத்தில் மட்டும் 200 டிகிரிக்கு மேல் போகாமல் கீழ்த்தட்டில் வையுங்கள்.