பதிந்து இரண்டு வருடம் ஆகியும் ஒரு போன்கூட வரவில்லை, ஏன்?

கேள்வி: ஜவ்வாது மலையில் இருக்கிறோம். தம்பி ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான். இரண்டு வருடம் முன்பு இ-சேவை மையத்தில் வேலைக்குப் பதிந்தோம், யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஒருவர், 15,000 ரூபாயும் அசல் சான்றிதழும் கொடுத்தால் ஆன்லைனிலேயே கம்பெனி வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அசல் சான்றிதழ் அவர் கையில் இருக்கும்வரை தம்பி அவர் சொன்ன இடத்தில்தான் கிடக்க வேண்டும். ஒழுங்கான கம்பெனி நேர்காணலில் அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடும்.

சரி, ஏன் போன் வரவில்லை? முதலில், எதில் பதிந்தீர்கள் என்று பாருங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு என்றால் அது பெரும்பாலும் அரசு வேலைக்கானது. தனியார் கம்பெனிகள் ஆள் தேடுவது 2020-இல் வந்த தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையதளத்திலும், மத்திய அரசின் என்சிஎஸ் (தேசிய வேலைவாய்ப்புச் சேவை) தளத்திலும். இரண்டுமே இலவசம்.

அடுத்தது, அதில் யாருடைய நம்பர் இருக்கிறது? மலையில் சிக்னல் கிடைக்காது, ஓடிபி வராது. வரிசையில் கூட்டம் நிற்கிறது என்று மையத்துக்காரர் தன் நம்பரையும் மெயிலையும் போட்டு வேலையை முடித்துவிடுவார். கம்பெனிக்காரர் ஒருமுறை கூப்பிடுவார், எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். உங்கள் தம்பிக்கு வந்த அழைப்பு யாரோ ஒருவர் போனில் அடித்து ஓய்ந்திருக்கலாம். மலைக்கு டவர் கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் ஓடிபி கேட்கிறவர்களை என்ன சொல்ல!

தம்பியோடு ஜமுனாமரத்தூருக்கோ கீழே போளூருக்கோ போய், சிக்னல் உள்ள இடத்தில் உட்கார்ந்து அவர் நம்பரிலேயே பதியுங்கள். டவுனில் இருக்கும் நம்பகமான உறவினர் நம்பர் ஒன்றையும் பயோடேட்டாவில் சேருங்கள். விரும்பும் இடம் என்று கேட்டால் சொந்த மாவட்டத்தோடு நிறுத்தாமல் ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூரையும் போடுங்கள். ஃபிட்டர் என்பதால், மத்திய அரசின் அப்ரன்டிஸ் (தொழிற்பழகுநர்) தளத்தையும் விடாதீர்கள். ராணிப்பேட்டை பெல், சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்கள் ஐடிஐ முடித்தவர்களை எடுக்கின்றன. பழங்குடியினருக்கு இடஒதுக்கீடும் உண்டு.

அந்த ஒதுக்கீட்டுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கொடுத்த எஸ்டி சான்று வேண்டும். ஜவ்வாது மலை மலையாளிகளுக்கு (கேரளக்காரர்கள் இல்லை, மலையாளி என்ற பெயருள்ள மலைவாழ் மக்கள்) அது கிடைக்கும், ஏனென்றால் எஸ்டி பட்டியலில் உங்கள் மலை இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம் இருக்கிறது. ஆனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளி மக்களின் கதை வேறு. மலையாளிகளைப் பட்டியலில் சேர்த்தபோது தர்மபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயரோடு எழுதிவிட்டார்கள். பர்கூர் அப்போது கோவை மாவட்டம். அதனால் கொண்டான் கொடுத்தான் உறவு இருந்தும் ஒருவருக்கு எஸ்டி சான்று கிடைக்கிறது, மற்றவருக்கு இல்லை. எத்தனை மனு, எத்தனை போராட்டம்! பர்கூர்ப் பக்கம் யாருக்காவது, ‘எஸ்டி சான்று வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்’ என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன். அதற்குப் பட்டியலைத் திருத்த வேண்டும், அது நாடாளுமன்றம் செய்கிற வேலை.

மறுபடியும் உங்கள் ஏஜென்டுக்கு வருகிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீசார் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். உங்கள் மலைக்காரர்களும் அதில் உண்டு. கட்டட வேலை, பெயின்ட் வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்று குடும்பத்தார் அழுதார்கள். அன்று மேஸ்திரி நேரில் வந்தான், இன்று வாட்ஸ்அப்பில் வருகிறான். கம்பெனி பெயர், முகவரி, சம்பளம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதோடு காணாமல் போய்விடுவார்கள். முன்பணம் தருகிறேன் என்பவனிடம் இன்னும் கவனம். அதைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

இதற்குள் ஜிபேயில் ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றே 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். சான்றிதழையும் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.