12 போர் துப்பாக்கியில் எந்த 12 போர் தோட்டாவையும் போடலாமா?

அப்பா வைத்திருந்த பழைய டபுள் பேரல் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறது. லைசென்ஸில் 12 போர் என்று மட்டும் இருக்கிறது, கடையில் கொடுத்த தோட்டாப் பெட்டியிலோ 70 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அதுவும் சீமையில் செய்த பழைய துப்பாக்கி என்றால் போடவே போடாதீர்கள்.

12 என்பது குழலின் அகலத்துக்கான பழைய கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் 12 போர், சுமார் 18.5 மி.மீ. இருபதாகப் பிரித்தால் உருண்டை சிறுத்துவிடும், அதனால் 20 போர் இன்னும் ஒடுக்கம். பாயின்ட் 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது நேரடி அங்குலம்.

பெட்டியில் உள்ள 65, 70 எல்லாம் தோட்டாவின் நீளம். அதுவும் சுட்டு முடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வம்பே இங்கேதான். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால் 70 தோட்டா 65 அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்தான் அறை) வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், துப்பாக்கியும் சுகமாக மூடும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல், குழல் ஒடுங்கும் இடத்தில் போய் நெரியும். பால்ரஸ் குண்டுகள் அந்தச் சந்துக்குள் முண்டியடித்துப் போகவேண்டும். அழுத்தம் எகிறிவிடும்.

என்னிடம் இருப்பது தாத்தா பயிர்க் காவலுக்கு வாங்கிய இங்கிலாந்துத் துப்பாக்கி. தோட்டா வாங்கப் போனபோது கடைக்காரர் 70 எடுத்து வைத்தார். 65 இருக்கிறதா என்று கேட்டேன். "சார், 12 போர்னா 12 போர்தான். உள்ள போகலைன்னா திருப்பிக் கொண்டாங்க" என்றார். உள்ளே போய்விடும் என்பதுதானய்யா பிரச்சினை! துப்பாக்கி கையோடு இருந்தது. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்துக் கவிழ்த்து, அடியில் தட்டையாக இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் காட்டினேன். பொடிப் பொடியாக 12, .729, 2½ என்று வெட்டியிருந்தது. .729 அங்குலம் குழல் அகலம், 2½ அங்குலம் அறையின் நீளம். கடைக் கணக்கில் அதுதான் 65. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், அப்புறம் பேச்சே இல்லை. சரக்கு வரவழைத்துத்தான் கொடுத்தார்.

உங்களுடையதிலும் இப்படிக் கழற்றிப் பாருங்கள். ஆனால் இடையில் யாராவது அறையை நீளமாகக் கடைந்திருக்கலாம், ஆகவே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. 20 போர் தோட்டாவை 12 போர் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அது அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். காலி என்று நினைத்துப் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

"நாங்க 70 போட்டுத்தான் காலங்காலமா சுடுறோம்" என்று ஒருவர் கீழே வருவார். வரட்டும். அவர் துப்பாக்கியின் அறையே 70 ஆக இருக்கலாம், இல்லையென்றால் அவர் அதிர்ஷ்டம். வேட்டைக்குத் தூண்டுகிறேன் என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 1972 வனவிலங்குச் சட்டம் எனக்கும் தெரியும். வைத்திருப்பவன் கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவ்வளவும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போன தேர்தலில் எண்ணெய் தடவி, உறையில் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது உறையைக் காணோம், குழலில் செம்புள்ளியாகத் துரு. கேட்டால், "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்கிறார்கள். ஒப்படைக்கும்போது போட்டோ எடுத்துக்கொண்டு, ரசீதில் உறையையும் எழுதி வாங்குங்கள்.