6 அடி பவளத் தொட்டிக்கு உபகரண பட்ஜெட் எப்படிப் போடுவது?

சென்னை வீட்டில் 6×2×2 அடி உப்புநீர்ப் பவளத் தொட்டி, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதுதானே கேள்வி? கண்ணாடி விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது சின்னப் பங்குதான். சுமார் 680 லிட்டர் பிடிக்கும், தண்ணீர் மட்டுமே 680 கிலோ, அதனால் ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெரிய பணம் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), எல்.ஈ.டி. விளக்கு, புரோட்டீன் ஸ்கிம்மர் (நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) மூன்றுக்கும் போகும். நம்ம ஊர் வெயிலில் நீரை 26 டிகிரி அளவில் நிறுத்த சில்லர் இல்லாமல் முடியாது, என்னைக் கேட்டால் விளக்கை விட அதுதான் முக்கியம். விளக்கைத் தள்ளிப்போடலாம், தொட்டியில் பாக்டீரியா வளர்ந்து நிலைப்படும் முதல் சில வாரங்களுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் மாதச் செலவு, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் வீதம் முதல் நிரப்பலுக்கே 24 கிலோ உப்பு. எல்லாக் கருவியும் சேர்த்துச் சராசரியாக 500 வாட் இழுத்தால் மாதம் 360 யூனிட். கரன்ட் போனால் தொட்டி நீரைச் சுழலவைக்கும் அலை பம்ப் ஓட இன்வெர்ட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம், கல் பவளங்கள் (கல் போன்ற கடினக் கூடு உள்ளவை) வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நம் கடலில் எடுத்ததை யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் தொடாதீர்கள்.