மாதிரிப் படகில் 100 ஆம்பியருக்கு மேல் அளப்பது எப்படி?

கேள்வி: என் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிப் படகின் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை, படகு ஓடும்போதே அளந்து பதிவு செய்ய முடியுமா? வீட்டிலுள்ள மல்டிமீட்டர் போதுமா?

பதில்: போதாது. சாதாரண மல்டிமீட்டர் பெரும்பாலும் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். வேகப் படகின் மோட்டாரோ 100 ஆம்பியரை எளிதில் தாண்டிவிடும். கரையில் வைத்து, ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் டி.சி. கிளாம்ப் மீட்டரால் அளந்தாலும், புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளாதபோது கிடைக்கும் அளவு மிகக் குறைவாகவே இருக்குமாதலால், அதை நம்பக் கூடாது. கருவி படகினுள்ளேயே பயணிக்க வேண்டும்.

மின்னோட்டப் பாதையில் வைத்து அளக்கும் மிகச் சிறு மின்தடைதான் ஷன்ட்; 200 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷன்ட் துல்லியமானதுதான். ஆனால் முழுச் சுமையில் அது 15 வாட் வெப்பத்தை வெளியிடும், மூடிய படகுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஆகவே நான் பரிந்துரைப்பது மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை உணர்ந்து அளக்கும், ஏ.சி.எஸ்.758 போன்ற ஹால் சென்சாரைத்தான். அதன் 200 ஆம்பியர் இருதிசை வகை ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணினிப் பலகையில் ஏறத்தாழ அரை ஆம்பியர் நுணுக்கத்தில் படித்து, மைக்ரோ எஸ்.டி. கார்டில் நேரத்துடன் எழுதி வைக்கலாம். நொடிக்கு ஒருமுறை பதிவதில் பயனில்லை. அலையில் துள்ளிய புரொப்பெல்லர் மீண்டும் நீரைக் கவ்வும்போது எழும் உச்சம் கணநேரமே நீடிக்கும் என்பதால், நொடிக்கு 50 முறையாவது பதிய வேண்டும்.

சென்சாரை பேட்டரிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே பொருத்துங்கள். அதற்காக பேட்டரி ஒயரை நீட்டிவிடாதீர்கள். நீளம் கூடினால் மின்னழுத்த ஏற்ற இறக்கம் அதிகரித்து, அக்கருவியின் கெப்பாசிட்டர்கள் சூடேறிக் கெட்டுப்போகும்.