கொரோனா ஊரடங்கில் குடும்ப வன்முறை ஏன் கூடியது? உதவி மையங்கள் இருந்தும் பெண்களால் ஏன் வெளியே வர முடியவில்லை?

அந்த நாட்களில் ஒரு பெண்கள் அமைப்பில் தன்னார்வலராக உதவி போன் எடுத்துக்கொண்டிருந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன். குடியும் வேலை இழப்பும்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் 2020 மார்ச் 24 மாலை மூடிய டாஸ்மாக் மே 7 அன்றுதான் திறந்தது, இடைப்பட்ட நாட்களிலும் அடி நிற்கவில்லை. எங்களிடம் பேசியவர்களில் பெரும்பாலானோர் முன்பிருந்தே அடி வாங்கியவர்கள். கணவன் வேலைக்குப் போகிற பொழுது, பக்கத்து வீட்டு அக்கா, நாலு நாள் அம்மா வீடு என்று அவர்கள் மூச்சு விட வைத்திருந்த வழிகள்தான் ஒரே ராத்திரியில் அடைபட்டன. அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது, அதற்குக் கல்யாணம், சாவு, மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. அடி தாங்க முடியவில்லை, தாய்வீடு போகிறேன் என்று எதில் எழுதுவது?

வழக்கமாக, பாதியில் கட்டான அழைப்புக்கு நாங்களே திரும்பக் கூப்பிடுவோம். ஊரடங்கில் அதுவே ஆபத்தானது, அந்தப் பக்கம் எடுப்பது கணவனாக இருக்கலாம். ஒருவர் மொட்டை மாடியில் வடகம் காயவைக்கிற சாக்கில் பேசுவார், படியில் சத்தம் கேட்டதும் "சரிக்கா, ரேஷன்ல அரிசி போட்டுட்டாங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். ரீசார்ஜ் தீர்ந்தால் அதுவும் போச்சு, கடை மூடியிருந்ததே. அதனால் அழைப்பு குறைந்த வாரங்களில்தான் எனக்குப் பயம் கூடியது. தேசிய மகளிர் ஆணையம் ஏப்ரலில் வாட்ஸ்அப் எண் கொடுத்தது நல்ல விஷயம்தான், ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தாங்களே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் நாட்டில் ஏறக்குறைய 54 சதவீதம்தான்.

அப்புறம், 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மனு கொடுத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும், மனு போட உதவ வேண்டியவர் இதற்காக அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர். ஊரடங்கில் கோர்ட் அவசர வழக்குகளை மட்டும் எடுத்தது, அலுவலரே வெளியே வர முடியாத ஊர்கள் இருந்தன, அடைக்கலம் தேடி வரும் பெண்களுக்கான சில விடுதிகளில் கொரோனா டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் சேர்க்கவில்லை. ரிசல்ட் வரும்வரை அவள் எந்த வீட்டில் இருப்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

பிரான்சில் அரசே ஹோட்டல் அறைகளுக்குப் பணம் கொடுத்தது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் மருந்துக்கடையில் போய் 'மாஸ்க் 19' என்று கேட்டால் போதும், கடைக்காரர் உதவிக்குத் தகவல் சொல்லிவிடுவார். நம் ஊரிலும் மருந்துக்கடை திறந்திருந்தது, ரேஷன் கடை திறந்திருந்தது, வரிசையில் பெண்கள் தனியாகவும் நின்றார்கள். பாதுகாப்பு அலுவலரையும் விடுதியையும் முதல் நாளே அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்து, அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு ஊழியரை உட்கார வைத்திருக்கலாம்.